இரண்டு ஊரும் நம் ஊரே

(நமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்தில் எமக்கென்று குறிக்கப்பெற்ற விஷயம் ‘இரண்டு ஊர்களில் குடிவாழ்க்கை’ என்பதாகும். காரியதரிசியவர்கள் இத்தலைப்பைத் தெரிவித்தபோது, இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று யாம் முதலில் நினைத்ததுண்டு. நம் சமூகத்தில் இரண்டு ஊர் இல்லாதவர் யார்? பிறந்த ஊர் ஒன்று, பிழைக்கும் ஊர் ஒன்று என்பது நமக்குப் பல தலைமுறைகளாகப் பழகிப்போன செய்தி. ஆயினும், ஆலோசிக்குந்தோறும், பழகிப்போன காரணத்தாலேயே நாம் அதனை ஆராய்ந்து பாராமல் விட்டுவிட்டோம் என்பது விளங்கலாயிற்று. இரண்டு ஊர்களில் வீடு உடைமை வேறு. இரண்டு ஊர்களிலும் சொந்த வீட்டிலிருப்பதுபோல் மனம் அமைதல் வேறு. முன்னது பணத்தால் ஆவது. பின்னது எதனால் ஆவது? அதனையே இன்று விசாரிக்கக் கருதுகின்றோம்.

எடுத்துக்காட்டுக்காக நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. காரைக்குடி, பினாங்கு ஆகிய இரண்டு பட்டினங்களையே எடுத்துக்கொள்வோம். எம் பாட்டனார் காலந்தொட்டு எம் குடும்பத்துக்கு இவ்விரண்டிலும் தொடர்பு இருந்துவருகிறபடியால், பிறர் சொல்லக் கேட்டதைக் காட்டிலும் நேரில் பட்டறிந்ததைச் சொல்ல வாய்ப்பாகும். பட்டறிந்ததில் பெருமைக்குரியதும் உண்டு; வெட்கத்துக்குரியதும் உண்டு. இரண்டையும் மறையாமற் சொல்லவே விரும்புகின்றோம்.

நம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுப் பாண்டிநாட்டுக்கு வந்து குடியேறியவர்கள் என்பது வழிவழி வந்த வரலாறு. வந்தவர்கள் இளையாற்றங்குடி முதலாக ஒன்பது கோயில்களை நடுவாகக்கொண்டு வகுத்துக்கொண்ட முறைமையே இன்றளவும் நம்மைத் தாங்கி நிற்பது. 96 ஊர்களில் பரவி வாழ்ந்தோம் என்பர். இன்று எஞ்சியிருப்பன எழுபதுக்குச் சற்று மேற்பட்டவை. எனவே குடிபெயர்தல் நமக்குப் புதிதன்று. ஓர் ஊரை விட்டு வேறோர் ஊரை ஊராக்கிக்கொள்ளும் வித்தை நமக்கு முதுசொம்மாக வந்தது என்றே சொல்லலாம்.

அவ்வித்தையின் இரகசியம் யாது? நம் வழக்கில் உள்ள ‘புள்ளி’ என்னும் ஒரு சொல்லிலேயே அது அடங்கியிருக்கிறது. ஆடவன் மணம் முடித்ததும், அவன் கோயிலில் அவன் குடும்பம் ஒரு புள்ளியாகப் பதிவு பெறுகிறது. மணமக்களுக்கு அவரவர் கோயில்களிலிருந்து மாலை வரவேண்டும். வந்த பின்பே அது நகரம் ஒப்பிய திருமணம். அன்றுமுதல் அந்தப் புள்ளிக்கு வரி உண்டு, முறை உண்டு, மரியாதை உண்டு. புள்ளி எங்கே குடியிருக்கிறது என்று கோயில் கேட்பதில்லை. மலேயாவில் இருந்தாலும், இலங்கையில் இருந்தாலும், சென்னையில் இருந்தாலும் கணக்கில் புள்ளி புள்ளியே. ஊர் என்பது நம் முன்னோர்க்கு வெறும் மண்ணும் சுவருமன்று. தம்மை எண்ணிக் கணக்கில் வைத்திருக்கும் இடமே அவர்க்கு ஊர். இக்கருத்தைச் சபையோர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். யாம் சொல்லப்போவது அனைத்தும் இதன் விரிவேயாகும்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நம்மவர் கடல் கடந்து கொண்டுவிக்கச் சென்றனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பினாங்கு. பின்னாளில் 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ என்னும் கப்பலின் பெயரைக் கேட்டால் இங்குள்ள முதியோர் முகம் இன்றும் மலரும். அப்படிச் சென்றவர்கள் பினாங்கு வீதியில் கிட்டங்கிகளை அமைத்துக்கொண்டார்கள். நீண்ட கூடம், இருமருங்கும் பாய் விரிப்பு, விரிப்புக்கு ஒரு பெட்டி. மேலாள் பெட்டியடியில் அமர்ந்து பற்று வரவு நடத்துவார். அடுத்தாள் பேரேடு எழுதுவார். பையன் தவணைப் பணம் வசூலிக்க வெளியே ஓடுவான். இரவில் அதே பாயில் படுக்கை. சமையல் பொது. மூன்றாண்டுக் கணக்கு முடிந்தால் ஐந்தொகை எடுத்து முதலாளியிடம் ஒப்புவித்துவிட்டு, ஊர் வந்து சில காலம் தங்கி, மறுபடியும் கப்பல்.

இவ்வாறு சென்றவர்கள் தங்களுக்கென வீடு கட்டுமுன் தண்டாயுதபாணிக்கு வீடு கட்டினார்கள். பினாங்கில் தண்ணீர்மலைச் சாலைக் கோயில் 1857-ஆம் ஆண்டிலும், சிங்கப்பூரில் டேங்க் ரோட்டுக் கோயில் 1859-ஆம் ஆண்டிலும் எழுந்தன. இலாபத்தில் மகமை என்று ஒரு பங்கு சுவாமி பெயரில் முதலில் எடுத்து வைக்கப்பட்டது. பினாங்குக் கோயிலின் வெள்ளிரதம் 1894-ஆம் ஆண்டில் நம் காரைக்குடிப் பக்கத்திலிருந்து சென்றது. நம் ஊர்த் தச்சரும் தட்டாரும் செய்த தொழில் இன்றும் அக்கடற்கரைப் பட்டினத்தின் வீதிகளில் ஆண்டுக்கொருமுறை உலா வருகிறது.

தைப்பூசத்துக்கு முதல்நாள் விடியற்காலத்தில் பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து இரதம் புறப்படும். ஊரெல்லாம் சுற்றி இரவிலே தண்ணீர்மலைக் கோயிலைச் சேரும். பூசம் முடிந்த மறுநாள் திரும்பவும் கோயில் வீட்டுக்கு எழுந்தருளும். சுவாமிக்கே பட்டினத்தில் ஒரு வீடு, மலையடிவாரத்தில் ஒரு வீடு! இரண்டிலும் அவர் விருந்தாளியல்லர். இரண்டிலும் பூசை, இரண்டிலும் நைவேத்தியம். எம் பாட்டனார் இதனைக் காட்டி, “நமக்கு வழி காட்டத்தான் அவர் இப்படிப் போய் வருகிறார்” என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டாம். வேடிக்கையானாலும் பொருளுள்ள வார்த்தையே.

இது வரையில் பெருமை. இனி நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மூன்றாண்டுக் கணக்குக் காலத்தில் கிட்டங்கியிற் படுத்துறங்கிய அந்தப் பெரியோர்க்கு அந்த ஊர் தம் ஊராக இருந்ததா? பெரும்பாலும் இல்லை என்றே சொல்லவேண்டும். ஆச்சிமார் இங்கேயே இருந்தனர். பிள்ளைகள் தகப்பன் முகத்தை மூன்றாண்டுக்கொருமுறை கண்டனர். எம் பாட்டியார், மூத்த மகன் பிறந்த செய்தி அக்கரைக்குப் போய்ச் சேர்ந்து, அதற்கு மறுமொழி வருவதற்குள் குழந்தை குப்புறப் படுக்கத் தொடங்கிவிட்டான் என்று சொல்லியிருக்கிறார். ஈட்டியது அங்கே, வாழ்ந்தது இங்கே என்பது பேச்சுக்கு அழகாயிருக்கலாம்; மெய்யாக நோக்கினால் ஈட்டியவர் எங்கும் வாழவில்லை; வாழ்ந்தவரோ ஈட்டியவரின்றித் தனித்திருந்தார். செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களையும், இத்தாலியச் சலவைக்கல்லையும், பெல்ஜியம் கண்ணாடியையும் கண்டு வியப்போர், அவற்றின் நிழலில் தனித்துக் காத்திருந்த ஆச்சிமாரை நினைப்பதில்லை.

பர்மாவைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாமற் கடந்தால் இப்பிரசங்கம் நேர்மையாகாது. 1930-ஆம் ஆண்டளவில் அங்கே நம்மவர் கடைகள் ஏறத்தாழ 1,650 இருந்தன. ஐராவதியின் கழிமுகத்தில் காடு திருத்திக் கழனியாக்கிய உழவர்களுக்கு விதைக்கும் உழவுக்கும் மூலதனம் கொடுத்தது நம் பெட்டிப் பணமே. அந்நாடு உலகுக்கே அரிசி அனுப்பும் நாடானதில் நமக்கும் பங்கு உண்டு. ஆனால் 1930-க்குப் பின் உலகெங்கும் விலைவாசி வீழ்ந்தபோது நெல்லும் வீழ்ந்தது, கடன் திரும்பவில்லை, ஈடாக வைத்த நிலம் நம் கைக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்கள் 13-இல் நம்மவர் வசமிருந்த நிலம் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்தது. 1938-இல் 25 பங்காயிற்று. நம்மவர் நிலத்தை விரும்பிப் பற்றியவரல்லர். அவர்க்கு வேண்டியது புழங்கும் பணமே. ஆயினும் நிலத்தை இழந்த உழவன் அந்த வேறுபாட்டை எப்படி அறிவான்? அவன் கண்ணுக்கு நாம் தெரிந்தது ஒரே வடிவில்தான்.

பிறகு நிகழ்ந்ததை நாடறியும். 1941 டிசம்பரில் இரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. பர்மாவிலிருந்த நம் நாட்டவர் பல்லாயிரவர் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தனர். வழியில் மாண்டவர் பலர். 1948-இல் நில உடைமைச் சட்டம். 1962-இல் இராணுவ ஆட்சி. அடுத்த ஈராண்டுகளில் கடைகளும் வங்கிகளும் அரசுடைமை. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தது போயிற்று. இது கொடுமை என்பதில் ஐயமில்லை. ஆனால் கொடுமையென்று சொல்லி அமைந்துவிட்டால் பாடம் கற்றவராக மாட்டோம். அவ்வளவு காலம் அங்கே இருந்தும், அந்நாட்டார் கணக்கில் நாம் ஒரு புள்ளியாகவில்லை. அவர்கள் ஏட்டில் நாம் கடன் கொடுத்தவர். நம் ஏட்டில் அவர்கள் கடன் வாங்கியவர். இரண்டு ஏட்டிலும் அண்டைவீட்டார் என்னும் பத்தி இல்லை. அங்கே நாம் கட்டிய கோயில்கள் இன்றும் உள்ளன. கட்டிய நாம் அங்கே இல்லை.

இதற்கு மாறாக, பினாங்கைப் பாருங்கள். 1957-இல் மலேயா விடுதலை பெற்றபோது, நம்மவருட் பலர் ஒரு முடிவுக்கு வரவேண்டியதாயிற்று. ஊர் திரும்பியவர் உண்டு. அங்கேயே குடிமக்களாகப் பதிந்துகொண்டவரும் உண்டு. பதிந்துகொண்டவர்கள் மனைவி மக்களை வரவழைத்தார்கள். பெட்டியடி வீடாயிற்று. பிள்ளைகள் அந்த ஊர்ப் பள்ளியில் மலாய்மொழி பயின்றார்கள். வைத்தியரானார்கள், வக்கீலானார்கள், ஆசிரியரானார்கள். ஆச்சிமார் சென்றதன் பின்பே அக்கரை ஊராயிற்று என்பது எம் துணிபு. அடுப்பு மூட்டுவோர் இல்லாத இடம் சத்திரமே தவிர வீடாகாது.

அப்பட்டினத்தின் இயல்பும் இதற்குத் துணை நின்றது. பழைய நகரின் ஒரே சாலையில் மாதா கோயிலையும், சீனரின் கருணைத் தெய்வத்தின் கோயிலையும், பள்ளிவாசலையும் காணலாம். அருகே 1833-இல் ஏற்பட்ட மாரியம்மன் கோயில். நம் கோயில் வீட்டுக்குச் சற்றுத் தூரத்தில், சீனருட் கூ என்னும் குலத்தார் கட்டிய குலமாளிகை இருக்கிறது. முன்னிருந்த கட்டடம் 1901-இல் தீக்கிரையாக, 1906-இல் மறுபடி எழுப்பினார்கள். அதனுள்ளே முன்னோர்களின் பெயர்ப்பலகைகள் வரிசை வரிசையாக நிற்கும். சீனத்துப் புக்கியன் மாகாணத்திலுள்ள தம் பூர்வ கிராமத்தை அவர்கள் மறந்தாரில்லை. பினாங்கை அந்நியமென்று எண்ணினாருமில்லை. நம் படைப்பு வீட்டை அறிந்த எவரும் அங்கே போய் நின்றால், ‘இவர்களும் நம்மைப் போன்றவரே’ என்று உணர்வர்.

மலாய் மக்களிடத்தும் ஓர் அருமையான வழக்கு உண்டு. பண்டிகைக் காலத்தில் பட்டணத்தை விட்டுத் தத்தம் கிராமத்துக்குப் போவதை ‘பாலிக் கம்போங்’ என்பர். ‘ஊர் திரும்புதல்’ என்பது பொருள். நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர் அவ்வாறு போகிறார். புத்தாண்டுக்குச் சீனர் போகிறார். தீபாவளிக்கு நம்மவர் போகிறார். ஆகவே ஒருவனுக்குப் பூர்வ ஊர் ஒன்று உண்டு என்பதை அங்கே யாரும் குற்றமாகக் கருதுவதில்லை. போய்வருபவன் வீட்டு வாசலில் நின்று, “பலகாரம் என்ன கொண்டுவந்தீர்?” என்று கேட்பார்கள். தைப்பூசத்து இரதம் வரும் வழியிலே தேங்காய்களைக் குன்றாகக் குவித்து உடைப்போரிற் சீன வர்த்தகர் எத்தனை பேர் என்பதை நேரிற் கண்டவர் அறிவர். நம் முருகன் அவர்கள் கணக்கிலும் ஏறிவிட்டான். ஓர் ஊர் நம் ஊராகிவிட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

சபையோர்களே! இதுவரை சொன்னது அக்கரை நம் ஊரான கதை. இப்போது அது தலைகீழாகி நிற்கிறது. அக்கரையையும் சென்னையையும் இன்னும் தூரத்து நாடுகளையும் ஊராக்கிக்கொண்ட நாம், சொந்த ஊரை வெளியூராக்கிக்கொண்டு வருகிறோம். இவ்விஷயத்தில் பிறரைக் குறை சொல்லுமுன் எம் குறையைச் சொல்லிவிடுகிறோம்.

காரைக்குடியில் எமது பூர்வ வீட்டுக்கு இன்று பங்காளிகள் 23 பேர். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு எல்லாம் முறைப்படி அமைந்த வீடு. மழைக்காலத்தில் மேல்தளம் ஒழுகத் தொடங்கிற்று. பழுது பார்க்கப் பெருந்தொகை வேண்டும் என்றார்கள். தேக்குத் தூண்களையும் நிலைக்கதவையும் பிரித்து விற்றால் நல்ல விலை கிடைக்குமென்றும், மனையைப் பின்னர்ப் பங்கிடலாமென்றும் சிலர் யோசனை சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். யாம் பினாங்கிலிருந்தபடியே, இருக்கட்டும் என்று சம்மதக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டோம். அக்கடிதத்தைப் படிக்க எடுத்துக்கொண்ட நேரம் ஒரு குவளைக் காப்பி ஆறும் நேரம்கூட இராது.

அதன்பின் ஓர் உறவினர் திருமணத்தை முன்னிட்டு ஊர் வந்தோம்; வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பொழுது சாயும் வேளையில் வீட்டுப்பக்கம் போனோம். பழைய காவற்காரர் காலமாகிவிட்டாராம். அவர் மனைவி முகப்பைப் பெருக்கிக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் துடைப்பத்தை வைத்துவிட்டு எழுந்து, மிகுந்த மரியாதையாக, “தூண் பார்க்க வந்தீர்களா ஐயா? பங்காளிகள் இன்னும் முடிவு சொல்லவில்லையே” என்றார். யாம் இன்னார் என்று சொன்னோம். அந்த அம்மையார் திகைத்து, “மன்னிக்க வேணும் ஐயா. படைப்புக்கு வருகிறவர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும், உங்களைப் பார்த்ததில்லை” என்று சொல்லி, உள்ளே போய்ச் சாமி வீட்டில் விளக்கை ஏற்றினார்.

அவர் சொன்னதில் ஓர் எழுத்துப் பிழையில்லை. அவர் எம்மைத் தூண் வாங்க வந்தவரென்று நினைத்தார். யாமோ தூணை விற்கக் கையெழுத்திட்டவர். வேறுபாடு அதிகமில்லை. எம் பெயர் பத்திரத்தில் உண்டு, பங்கு உண்டு, புள்ளி வரியும் தவறாமல் அனுப்பியிருக்கிறோம். ஆயினும் அந்த வீட்டில் நாள்தோறும் விளக்கேற்றுகிறவர் கணக்கில் யாம் இல்லை. மறுவாரம் பினாங்கு திரும்பியபோது, எம் தெருமுனைக் காப்பிக் கடைச் சீனக் கிழவர், யாம் கேளாமலே வழக்கமான காப்பியைக் கொண்டுவந்து வைத்து, ஊரில் எல்லாரும் சௌக்கியமா என்று மலாயில் விசாரித்தார். ‘ஊரில்’ என்று அவர் சொன்னபோது எமக்கு நெஞ்சு உறுத்திற்று. எமக்கு ஊர் இருக்கிறதென்று அவர் நம்புகிறார். ஊரிலோ எம்மை அடையாளம் கண்டுகொள்வார் இல்லை.

அன்றைக்குத்தான் இவ்விஷயம் எமக்குத் தெளிவாயிற்று. ஊர் என்பது உடைமையால் நிற்பதன்று, முறையால் நிற்பது. ஓரிடத்தில் நாம் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருந்து, அதைச் செய்ய நாம் வராவிட்டால் நம்மைத் தேடுவோர் நாலுபேர் இருந்தால், அது நம் ஊர். நாம் வராததை ஒருவரும் உணராத இடத்தில் மாளிகை இருந்தாலும் அது நம் ஊரன்று. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஒருவனுக்கு இரண்டு ஊர் இருப்பதற்குத் தடையொன்றுமில்லை. ஓர் ஊருமில்லாமல் போவதற்கும் தடையில்லை!

“ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்பதுபோல் ஆகிவிடாதா?” என்று சிலர் கேட்பதுண்டு. ஒருவனுக்குப் பற்று ஒரே இடத்திற்றான் இருக்கவேண்டும் என்பது அவர்கள் கட்சி. சட்டத்தின் மட்டில் அது சரி. நம் நாட்டுச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஒப்புவதில்லை. 2005-ஆம் ஆண்டில் ஏற்பட்ட வெளிநாட்டுவாழ் இந்தியர்க்கான அட்டையும் போக்குவரத்துக்கு உதவுமேயன்றி வாக்குரிமை தருவதன்று. குடிமை எங்கேயோ அங்கே வரியும் வாக்கும் விசுவாசமும் குறைவறச் செலுத்தக் கடவோம். ஆனால் பாசம் அப்படி ஒரே பேரேட்டில் எழுதும் தொகையன்று. மணமான பெண்ணுக்குப் பிறந்த வீடும் உண்டு, புகுந்த வீடும் உண்டு. புகுந்த வீட்டை ஆள்கிறவள் பிறந்த வீட்டை மறக்கவேண்டுமென்று எந்த மாமியாரும் சொல்வதில்லை. சொன்னால் அவள் நல்ல மாமியாரல்லள். இரண்டிலும் முறை செய்கிறவளை இரண்டு வீட்டாரும் மெச்சுவர். இரண்டிலும் குறை சொல்லித் திரிகிறவளுக்கே இரண்டும் இல்லாமற் போகும். நாம் அங்கே இருக்கும்போது இந்த ஊர்ப் பெருமையும், இங்கே வரும்போது அந்த ஊர்ச் சுத்தமும் பேசிப் பேசி, எந்த ஊரிலும் கால் பாவாமல் திரிகிறோமே, அதுவன்றோ ஆற்றிலும் சேற்றிலும் கால் வைப்பது?

பிள்ளையார் நோன்பை நினைத்துப் பாருங்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடும் வேளையில், 21 நூலிழைகளாலாகிய திரியை மாவில் வைத்து ஏற்றி, வீட்டில் மூத்தவர் எடுத்துக்கொடுக்க, ஒவ்வொருவராகச் சுடரோடு இழை எடுத்துக்கொள்கிறோம். காரைக்குடியில் வளவில் அமர்ந்து எடுத்தாலும், பினாங்கிலோ சிங்கப்பூரிலோ சென்னையிலோ நகரத்தார் கூடிய மண்டபத்தில் அமர்ந்து எடுத்தாலும் இழை ஒன்றே. அதைக் கொடுக்க ஒரு மூத்தவரும், வாங்க ஓர் இளையவரும் வேண்டும்; அவ்வளவே. இந்த நோன்பைக் கொண்டுசென்ற இடமெல்லாம் நமக்கு ஊராயிற்று. இதைச் சுருட்டி வைத்துவிட்டால் பிறந்த வீட்டிலும் நாம் வழிப்போக்கரே.

நம் வீடுகளைப்பற்றி ஒன்று. பினாங்கின் பழைய நகரை 2008-ஆம் ஆண்டில் ஐக்கியநாட்டுக் கல்வி கலாசார ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது. நம் முன்னோர் பெட்டியடி போட்ட வீதிகளும் அதனுள் அடங்கும். அங்கே ஓர் ஓட்டை மாற்றுவதற்கும் முறையுண்டு, விதியுண்டு. செட்டிநாட்டு ஊர்களோ 2014 முதல் அவ்வேட்டின் உத்தேசப் பட்டியலில் மட்டுமே நிற்கின்றன. பட்டியலில் ஏறுமுன் வீடுகள் பிரிந்து தூணாகவும் கதவாகவும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் ஏறுகின்றன. பிழைக்கப் போன ஊரில் நம் அடிச்சுவடு காக்கப்படுகிறது. பிறந்த ஊரில் நாமே அதை விலைபேசுகிறோம். எல்லா வீட்டையும் காப்பது எல்லார்க்கும் இயலாது என்பதை அறிவோம். பங்காளிகளின் கஷ்டமும் மெய்யே. ஆயினும், பாராமல் கையெழுத்திடுவது ஒன்று, கூடியிருந்து ஆலோசித்து மனமொத்து முடிவு செய்வது மற்றொன்று.

பேச்சோடு நின்றுவிடாமல் நம்மாலியன்ற சில காரியங்களைச் சபையின் முன் வைக்கிறோம். முதலாவது, பூர்வ வீட்டின் பங்காளிகள் ஆண்டுக்கு ஒரு குடும்பமாக முறைவைத்து, பிள்ளைகளின் விடுமுறையில் ஒரு மாதமாவது அவ்வீட்டைத் திறந்து குடியிருக்கவேண்டும். கல்யாணத்துக்கு வந்து விடுதியிற் தங்கி மறுநாளே விமானமேறுவது ஊர் வருதலாகாது. இப்போது திருச்சிராப்பள்ளியிலிருந்து சிங்கப்பூர் நான்கு மணிப் பொழுதுப் பயணமே. ஒரு வாரம் கடலிலே ஆடிவந்த பாட்டனார்க்கு இல்லாத சாக்கு நமக்கு ஏது? இரண்டாவது, படைப்புக்குத் தொகை அனுப்புவதோடு அமையாமல் வீட்டுக்கு ஒருவராவது நேரில் வரவேண்டும். மூன்றாவது, வீட்டைக் காக்கின்றவர், விளக்கேற்றுகின்றவர், கொல்லர், கொத்தர் ஆகியோர் பெயரை நம் பிள்ளைகள் அறியவேண்டும். அவர்க்குரிய கூலி காலத்திற் சேரவேண்டும். ஊர் என்பது நாம் மட்டுமன்று, அவர்களுமே.

நான்காவது, அக்கரையில் உள்ளோர்க்கு. அந்த ஊர் மொழியைக் கடைக்கு வேண்டிய அளவில் நிறுத்தாமல் நன்கு கற்கவேண்டும். பக்கத்து வீட்டாரின் நன்மை தீமைகளில் முந்தி நிற்கவேண்டும். நம் தருமத்தில் ஒரு பங்கு அவ்வூரார் எல்லார்க்கும் பொதுவான பள்ளிக்கும் வைத்தியசாலைக்கும் போகவேண்டும். நம்மவர் இதை அறியாதவரல்லர். 1947-இல் காரைக்குடியில் அழகப்பச் செட்டியாரவர்கள் கல்லூரி கண்டதும், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிசாலைக்கென 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் ஈந்ததும் நம் சமூகத்தார்க்கென்று மட்டுமோ? பல ஊர்களில் தொழில் நடத்தி ஈட்டியதை ஓர் ஊரார் அனைவர்க்கும் பொதுவாக்கினார். அந்த மனம் நாம் வாழும் எல்லா ஊர்களிலும் வேண்டும் என்பதே எம் விண்ணப்பம்.

எம் வீட்டுக் காரியம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். பங்காளிகளிற் சிலர்க்கு அதில் வருத்தம் உண்டு. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் மறுக்கவில்லை. வரும் படைப்பின்போது எல்லாருமாகக் கூடி முடிவு செய்வதென்று ஏற்பாடு. முடிவு எப்படியாகுமோ அறியோம். ஆனால் அன்று யாம் அங்கே இருப்போம். முகப்பைப் பெருக்குகின்ற அந்த அம்மையார் மறுபடியும் எம்மைப் பார்த்து, “தூண் பார்க்க வந்தீர்களா?” என்று கேளாதிருந்தால், அதுவே எமக்குப் போதுமானது.

இரண்டு ஊரும் நமக்கு ஊராகும்படி தண்டாயுதபாணி திருவருள் புரிவானாக.